கூட யாரு?

படுக்கையின் அகலம் இரண்டடி என்று பூரணி சொன்னபோது நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் குனிந்து நின்றேன். மறுமுனை பட்டறைக்கார அழகுராஜாவின் கையில் இருந்தது.

"ரெண்டடியா சிஸ்டர்? பொரண்டு படுத்தா கீள விளுந்துருவீகளே."

"நான் பொரண்டு படுக்க மாட்டேன்" என்றாள் பூரணி.

நீளம் ஆறடி, அகலம் இரண்டடி. ஒருவர் படுக்கும் அளவு. இன்னொரு படுக்கை எந்தப் பக்கம் என்று அழகுராஜா கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் தகரத்தின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விட்டார். கேட்க வேண்டியவன் நான்தான். நானும் கேட்கவில்லை.

ஞானபூரணி என் மனைவி. கல்யாணமாகி ஆறாவது வருடம் புருனே நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், இப்போதுதான் வேலை முடிந்து வந்திருக்கிறாள். இடையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவாள். வந்ததும் பெட்டியைப் பிரிக்க ஒரு வாரம், உறவு வீடுகளுக்குப் போய்வர இரண்டு வாரம், திரும்பப் பெட்டி கட்ட ஒரு வாரம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அங்கே அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை போகக் காட்டுக்குள் இருக்கும் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் வேலையும் இருந்தது. டிரைவர் வராத ஒரு நாளில் தானே ஓட்டிப் பார்த்து, பிறகு அதே மாதிரி ஒரு வண்டியைச் சொந்தமாகவும் வாங்கிவிட்டாள். ஜப்பான்காரன் செய்த டீசல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். ஊர் திரும்பும்போது அதையும் கூடவே கப்பலில் ஏற்றி, கொச்சியில் இறக்கி, நம்பர் வாங்கித் திருத்தங்கல் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி வருடம் போய்விட்டது. எங்கள் தெருவில் அந்த வண்டி திரும்ப வேண்டுமென்றால் எதிர்வீட்டு ஸ்கூட்டரை உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

எனக்கு டூவீலர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். நான் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் குடோனில் லோடு அனுப்பும் வேலையில் இருந்தவன். ஜோத்பூர், நாக்பூர், ஜம்மு என்று இந்தியாவின் ஊர்ப் பெயர்களையெல்லாம் பெட்டிகளின் மேல் மையால் எழுதியிருக்கிறேன். ஓசூரைத் தாண்டி நான் போனதில்லை.

எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. லோடு ஏற்றிய லாரியை டிரைவர் மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் டிரைவர் கண் அசந்தாலும், டீக்கு இறங்கினாலும் வெடிச்சரக்கைப் பார்க்க ஒருவர் வேண்டுமே. அதனால் லாரி கேட்டுக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு?" டிரைவர் ஆளைக் காட்டிய பிறகுதான் சங்கிலியை அவிழ்ப்பேன். சிலர் கோபப்படுவார்கள். "மச்சான் ரோட்டுல நிக்கான் சார், ஏத்திக்கிடுறேன்" என்பார்கள். மச்சான் கேட்டுக்கு நடந்து வரட்டும் என்பேன். ரிட்டையர் ஆகும் வரை அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை.

பூரணி ஊருக்கு வந்த பிறகு வீடு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் வந்தாள், சாமான்கள் வந்தன, ஆனாலும் வீடு பழையபடிதான் இருந்தது. நான் காலையில் பழைய நேரத்துக்கே எழுந்து சோறு வடித்தேன். அவள் பத்து மணிக்கு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள். "சாப்பிட்டியா?" என்று நான் கேட்பேன். "ஆச்சு. நீங்க சாப்பிட்டீகளா?" என்று அவள் கேட்பாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் பேசுவது போலப் பேசிக்கொண்டோம். இத்தனை காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு எழுதியவன் நான். முதலில் தபாலில், பிறகு போனில். எழுதும்போது வந்த பேச்சு, ஆள் எதிரில் உட்கார்ந்தபோது வரவில்லை.

மத்தியானம் அவள் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏசியைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை, பாட்டும் இல்லை. கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். "வண்டிய ரெடி பண்ணிட்டு வடக்க போகப் போறேன். ரோடு முடிஞ்ச பெறகும் போற மாதிரி பண்ணணும்."

போகப் போறேன். போகப் போறோம் என்று சொல்லவில்லை. கை கழுவும்போது அதை யோசித்தேன். தனியாகவே இருந்தவர்களுக்கு 'போறோம், வாறோம்' என்று 'ஓம்' போட்டுப் பேசும் பழக்கம் விட்டுப்போகும். நானும் பக்கத்து வீட்டில் கேட்டால் 'சாப்பிட்டுட்டேன்' என்றுதான் சொல்கிறேன். பேச்சில் வந்த ஒரு எழுத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டடி அகலம் என்று அளவு சொல்லும் வரை அந்த முடிவு நிலைத்தது.

அழகுராஜாவின் பட்டறை திருத்தங்கல் ரோட்டில், அச்சாபீஸ்களைத் தாண்டி இருக்கிறது. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்களுக்கு சீட் அடிப்பதும் கேரியர் போடுவதும்தான் அவர் தொழில். பூரணி கேட்டதெல்லாம் அவருக்குப் புதிது. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, அவள் போனில் காட்டிய படங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் செய்தார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார். முரட்டு டயர்கள் மதுரையிலிருந்து வந்தன. வயிற்றுப் பக்கம் கல் அடிக்காமல் இருக்கத் தடித்த இரும்புத் தகடு போட்டார். ஆற்றுத் தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மேலிருந்து காற்றை இழுப்பதற்கு முன்கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் ஏறியது. அதற்கு அவர் 'தும்பிக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்.

"தும்பிக்க போட்டாச்சு சிஸ்டர். அப்படியே சைலன்சருக்குக் கம்பிவலத் தொப்பியும் போட்ருவமா?"

"அது எதுக்கு?"

"பொறி பறக்காம இருக்கத்தான். குடோனுக்குள்ள போற வண்டிக்கெல்லாம் போடுவோம்ல."

"நான் குடோனுக்குப் போகலய்யா. பனிமலைக்குப் போறேன்."

"பனிமலையில தீப் பிடிக்காதுங்கீக" என்றார் அழகுராஜா யோசனையுடன். "சரி, வேண்டாம்."

எதையும் வெல்டு வைக்காமல் போல்ட்டில் மாட்டச் சொன்னாள் பூரணி. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேள்வி வந்தால் கழற்றிவிடலாம் என்றாள். அந்த யோசனை பின்னால் எனக்கும் உதவியது.

முன்சீட்டுக்குப் பின்னால் குறுக்காகத் தண்ணீர் டேங்க். அதற்குப் பின்னால் இடப்பக்கம் படுக்கை, வலப்பக்கம் சாமான் பெட்டி. இதுதான் அவள் போட்ட கணக்கு. சர்ச்சில் பெண்கள் கூட்டம் நடந்த ஒரு மாலையில் நான் தனியாகப் பட்டறைக்குப் போனேன்.

"இந்தச் சாமான் பெட்டிய நீளமாச் செய்ய முடியுமா? மூடியத் தெறந்து விரிச்சா ஒரு ஆளு படுக்குற மாதிரி."

அழகுராஜா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிஸ்டருக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"சொல்லிக்கிடுவேன்."

"பெட்டி நீண்டா டேங்க் இடிக்குமே. டேங்க எங்கன வைக்க?"

"பின்கதவுப் பக்கம் தள்ளிரு."

"தள்ளலாம்." பென்சிலால் காதைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். "இருவது பேரு உக்கார்ற வேன்ல முப்பது பேருக்கு சீட் போட்டுக் குடுத்தவன் நான். ஒங்க ஒருத்தருக்குப் போட மாட்டனா? பெஞ்சுக்குப் போடுற பச்ச ரெக்சினு மிச்சம் கெடக்கு, அதையே ஒட்டிருதேன்."

சொல்லிக்கொள்வேன் என்றேனே தவிர எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியை மணலில் ஓட்டிப் பார்க்கும் அன்றைக்கு, ஓட்டம் முடிந்ததும், நானே பெட்டியின் மூடியைத் திறந்து பலகையை விரித்துக் காட்ட வேண்டும். "இது எனக்கு" என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

அவள் பட்டறையிலிருந்து வண்டியை எடுக்க வந்தபோது டேங்கின் மேல் தார்ப்பாயும் கயிறும் கிடந்தன. பின்பக்கம் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அழகுராஜா என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அர்ச்சுனா நதியில் தண்ணீர் இல்லை. அவள் எழுவதற்குள் நானே டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், காலையிலேயே போய்விட்டோம். மணலில் இறங்கும் முன் பூரணி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தாள். என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடச் சொன்னாள். பிறகு அவள் ஓட்டியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் சுவரோரமாக நடக்கிற பூரணி இல்லை அது. மணல் வண்டியை இழுக்கும் போதெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுப் பிடித்து, வண்டியோடு பேசினாள்.

"பெலான் பெலான்" என்றாள் ஒரு பள்ளத்தில்.

"என்னது?"

"மெதுவான்னு அர்த்தம். மலாய்" என்றவள், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். "இந்த வண்டிக்குத் தமிழ் தெரியாது."

அவள் கடிதங்களில் அந்தச் சொல்லை ஒரு நாளும் எழுதியதில்லை. அங்கே யாரோடு எல்லாம் அதைச் சொல்லிப் பழகினாளோ என்று நினைத்தேன். சந்தேகம் எதுவும் இல்லை. நான் இல்லாமல் ஒரு முழு வாழ்க்கை நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்க்கரை செங்குத்தாக இருந்தது. அதில் ஏறிவிட்டால் சோதனை முடிந்தது. பாதிக் கரை ஏறியதும் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. முன்பக்கம் முழுவதும் ஆகாயம். ஸ்டியரிங் அவள் கையில் சும்மா சுற்றியது. முன்சக்கரங்களுக்குத் தரைப்பிடி இல்லை என்று எனக்கே புரிந்தது. என் கை தானாகக் கதவின் கம்பியைப் பிடித்தது. பூரணி பதறவில்லை. பிரேக்கை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே பின்னால் இறக்கி, சமதரையில் நிறுத்தினாள்.

"பின்னாடி கனம் கூட இருக்கு" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தார்ப்பாயை இழுக்கும் சத்தமும் கேட்டது. நான் போய் நிற்பதற்குள் அவள் டேங்கைப் பார்த்துவிட்டாள்.

"டேங்க் ஏன் இங்கன இருக்கு? முன்னாடி வைக்கத்தான சொன்னேன்?"

"அழகுராஜா..." என்று ஆரம்பித்தேன். அவர் மேல் பழி போடுவது நியாயம் இல்லை என்று நிறுத்திக்கொண்டேன். குளியலறையில் நன்றாக வந்த இரண்டு சொல்லும் வரவில்லை.

அவள் பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். பலகை கீலில் விரிந்து வந்து நின்றது. பச்சை ரெக்சின் வெயிலில் பளபளத்தது. கம்பெனி வேன் வாசனை அடித்தது.

"இது யாருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"எந்த ஆளுக்கு?"

"எனக்குத்தான்."

அவள் பலகையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். நோயாளியைப் படுக்க வைக்கும் முன் மெத்தையைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு பின்கதவு விளிம்பில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"வரணும்னு நெனைக்கீகன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"நீ கேக்கல."

"நீங்களும் கேக்கல."

கரைமேல் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். எங்களையும் வண்டியையும் பார்த்து, "மணல்ல மாட்டிக்கிருச்சா?" என்றார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள் பூரணி. குரலில் கோபம் இல்லை. "ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. வந்த நாள்லருந்து எனக்கு வீட்டுல தூக்கமே இல்ல. பக்கத்துல ஒரு ஆளு மூச்சு விடுறது கேட்டா முளிச்சுக்கிடுறேன். அங்க குவார்ட்டர்ஸ்ல தனியாப் படுத்துப் படுத்து அப்படி ஆயிப்போச்சு. வார்டுல யாரு மூச்சு சத்தம் கேட்டாலும் எந்திரிச்சுப் பாக்கணும்ல, அந்தப் பளக்கம். இந்த வண்டிக்குள்ள மட்டுந்தான் தூங்குறேன்."

"பாத்தேன்" என்றேன்.

"கொஞ்ச நாள் தூங்கிட்டு வாரேன்."

"எம்புட்டு நாளு?"

"தெரியல. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

நான் பலகையின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். "போல்ட்டுதான். கெளட்டிரலாம்."

மறுநாள் பட்டறையில் அழகுராஜா ஸ்பேனரோடு உள்ளே ஏறினார். "என்ன அண்ணாச்சி, டிக்கெட் கேன்சலா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து முதல் போல்ட்டைத் திருகத் தொடங்கினார். பலகை இறங்கியது, பெட்டி குட்டையானது, டேங்க் முன்சீட்டுக்குப் பின்னால் போனது. தரைத் தகட்டில் போல்ட் இருந்த இடங்களில் ஓட்டைகள் தெரிந்தன. அவற்றை அடைத்துவிடச் சொன்னேன். அவர் அடைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் மூடியை அழுத்தி வைத்தார்.

"ரிட்டன்ல வேணும்னா திரும்ப மாட்டிக்கிடலாம். இருக்கட்டும் அண்ணாச்சி, ஓட்ட என்ன சோறா கேக்குது" என்றார்.

பலகையை டூவீலரில் குறுக்காக வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று மாலையே அர்ச்சுனா நதிக்கு மறுபடி போனாள், இந்தத் தடவை தனியாக. கரை ஏறிவிட்டது என்று போனில் சொன்னாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லது" என்றேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். ஜோத்பூர் லோடு எந்த வழியில் போகும் என்று கேட்டாள். ஓசூர் தாண்டிய பிறகு லாரிக்காரர்கள் எங்கே படுப்பார்கள், நாக்பூருக்கு முன்னால் எந்தக் காட்டு ரோட்டில் இருட்டிய பிறகு போகக் கூடாது என்பார்கள், எந்த ஊரில் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டிரைவர்கள் சொல்லக் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவள் போனில் வரைபடத்தின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே கேட்டாள். பார்க்காத ஊர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கிளம்பிய அன்று காலை எதிர்வீட்டு ஸ்கூட்டரை உள்ளே எடுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டு கேட்டின் ஒரு கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தேன். இன்னொரு கதவின் கொண்டியில் கை இருந்தது. ஜீப் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. உயரமான சீட்டிலிருந்து பூரணி கீழே பார்த்தாள். என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கூட யாரு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. கொண்டியை எடுக்கப் போனேன். எடுக்க வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் கேட் திறந்து பழக்கமில்லாத கை.

பூரணிக்கு அந்த வழக்கம் தெரியும். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அவள் இப்போது சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள்.

"மதுர வரைக்கும் நீங்க" என்றாள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏறினேன். விருதுநகரில் நான்கு வழிச்சாலையில் ஏறியதும் டயர்கள் வண்டு போல ரீங்காரம் செய்தன. தண்ணீர் டேங்க் என் முதுகுக்குப் பின்னால் மெல்லக் குலுங்கியது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். வண்டி ஒரு ஆட்டம் இல்லாமல் போனது.

மதுரைக்குள் போக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கப்பலூரிலிருந்து ரோடு மதுரையைத் தொடாமல் திண்டுக்கல் பக்கம் பிரிகிறது. பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிறுத்தினாள்.

"இங்கன எறங்குனா பஸ் கெடைக்கும்ல?"

"கெடைக்கும்."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. எனக்காகன்னு கூட்டி வடிக்காதீக."

அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தச் சில மாதங்களாக நான் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் வடித்துக்கொண்டிருந்தேன். மிஞ்சியதைக் காலையில் தண்ணீர் ஊற்றி நானே சாப்பிட்டேன்.

"சரி" என்று இறங்கினேன். கதவு கனமாக இருந்தது, இரண்டு தடவை சாத்த வேண்டியிருந்தது. அவள் கையைத் தூக்கினாள். வண்டி பிரிந்து, பாலத்தின் மேல் ஏறி, லாரிகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் உயரமாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் என்னையும் பார்த்து, "ரெண்டா?" என்றார்.

"தனித்தனி" என்றார் அந்த அம்மா.

கள்ளிக்குடி தாண்டும்போது போனில் பூரணியின் செய்தி வந்தது. டீக்கு நிறுத்தியிருக்கிறாள். 'டேங்க் மூடி எந்தப் பக்கம் திருகணும்? திறக்க வரலை.'

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அன்புள்ள பூரணிக்கு என்று விரல் தானாகத் தொடங்கிவிட்டது. அதை அழிக்கவில்லை. மூடியை முதலில் கீழ்நோக்கி அழுத்தவும். அழுத்தியபடியே இடப்பக்கம் திருகவும். ரப்பர் வளையம் கழன்று விழும், அதைத் தொலைத்துவிட வேண்டாம். இன்றைக்கு ஓசூருக்கு முன்னாலேயே தங்கிவிடு. கிருஷ்ணகிரி பக்கத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கும், நீ அவற்றை விட்டுச் சற்றுத் தள்ளியே நிறுத்து, இன்ஜின் சத்தம் இருந்தால் தூக்கம் வராது.

வெகு நாளைக்குப் பிறகு, நிறுத்தாமல் எழுத வந்தது. எழுதி முடித்தபோது பஸ் விருதுநகருக்குள் வந்திருந்தது.